மரம் விற்றால் வீட்டுக்கு எவ்வளவு? வாசகர் கேள்வி பதில்

மழைக்காட்டு மக்களின் வீட்டு வரவில் மர வெட்டுக்கு எவ்வளவு பங்கு என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். அமேசானைப் பற்றிக் கேட்டவர்களும் உண்டு, ஜவ்வாது மலையிலுள்ள பீஞ்சமந்தையைப் பற்றிக் கேட்டவர்களும் உண்டு. ஜவ்வாது மலை மழைக்காடு அல்ல. கோடையில் இலை உதிர்க்கும் காடு. மரமும் வேறு, சட்டமும் வேறு. ஆனால் அடுப்பு, கூலி, தரகர், அளவு நாடா என்று வரும்போது இரண்டு இடத்துக் கணக்கும் ஒரே நோட்டில் அடங்கும். அதனால் பிரிக்காமல் பதில் தருகிறோம்.

மழைக்காட்டுக் குடும்பங்கள் மரம் வெட்டி விற்றே வாழ்கின்றன என்கிறார் ஒரு பேராசிரியர். இல்லை, கிழங்கும் பழமும் மீனும்தான் என்கிறார் இன்னொருவர். எது சரி?
*பொருளாதார மாணவி, வேலூர்*

இருவரும் விறகை விட்டுவிட்டார்கள்.

இந்தோனேசியாவைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபோர் என்ற பன்னாட்டு வன ஆய்வு மையம் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் 24 நாடுகளில் ஏறக்குறைய 8,000 கிராமக் குடும்பங்களின் வரவைக் கணக்கெடுத்தது. முடிவுகள் 2014-ல் வெளிவந்தன. மழைக்காடு, வறண்ட காடு இரண்டும் அதில் அடக்கம். குடும்ப வரவில் சராசரியாக 28 சதவீதம் பயிரிடாமல் இயற்கையிலிருந்து எடுத்தது. அதிலும் பெரும்பகுதி, அதாவது மொத்த வரவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், காட்டிலிருந்து வந்தது. அந்தக் காட்டு வரவைப் பிரித்தால் விறகும் கரியும் 35 சதவீதம், உணவுப் பொருள் 30 சதவீதம். வாசக்கால் மரம், கம்பு, மூங்கில், நார், ஓலை எல்லாம் சேர்ந்தே 25 சதவீதம்தான். லாரியில் ஏறும் கட்டை இந்த 25-க்குள் ஒரு பகுதி.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கம்பெனி காட்டுக்குள் வந்து மரம் வெட்டுகிறது, உள்ளூர் ஆள் ரம்பம் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டுக்கு வரும் பணம் கணக்கெடுப்புப் படிவத்தில் ‘கூலி’ என்ற கட்டத்தில் விழும், ‘காடு’ என்ற கட்டத்தில் விழாது. மரத்தின் விலை கம்பெனிக் கணக்கில், மரத்தை வெட்டிய கூலி வேறு தலைப்பில். ஆகவே ‘மரத்தை நம்பியிருக்கிறார்களா’ என்ற கேள்விக்கு, விற்பவராகவா, கூலியாகவா, வீடு கட்டிக்கொள்பவராகவா என்று பிரித்துக் கேட்காமல் விடை வராது.

இன்னொன்று. ஏழை வீட்டு வரவில் காட்டின் விகிதம் பெரிது. ஆனால் விகிதத்தை விட்டுப் பணத்தைப் பார்த்தால், அதே ஊரின் வசதியான வீடு காட்டிலிருந்து பல மடங்கு அதிகம் எடுக்கிறது. சங்கிலி ரம்பம், கோவேறு கழுதை, படகு, முன்பணம் கொடுக்கக் கையில் காசு, இதெல்லாம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் கட்டை சேரும். ‘காடு ஏழைகளின் வங்கி’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

ஜவ்வாது மலையில் 60 வீடுகளில் ‘காட்டைச் சார்ந்த வரவு’ பற்றி ஆய்வு செய்யப்போகிறேன். கேள்வித்தாளை எப்படி அமைப்பது? எங்கே தவறும்?
*சமூகப்பணி மாணவர், திருப்பத்தூர்*

முதலில் தவறும் இடம் நாட்காட்டி. புளி உலுக்கும் பிப்ரவரி, மார்ச்சில் போனால் காட்டு வரவு மலை போலத் தெரியும். சாமை அறுப்புக்குப் போனால் எல்லாரும் விவசாயி. ஊரில் ஆண்களே இல்லாத மாதங்களும் உண்டு, வெளியூர் வேலைக்குப் போயிருப்பார்கள். ஒரு முறை போய் ‘வருஷத்துக்கு எவ்வளவு?’ என்று கேட்டு 12-ஆல் பெருக்குவதும் வகுப்பதும் வேண்டாம். அதே 60 வீடுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டில் நான்கு தடவை போங்கள். விறகு, கீரை, கிழங்கு போன்று அன்றாடம் வருவதைக் கடந்த ஒரு மாதத்துக்கு மட்டும் கேளுங்கள். புளி, கடுக்காய், தேன், வீட்டு மரம் போன்று எப்போதாவது வருவதைக் கடந்த மூன்று மாதத்துக்குக் கேளுங்கள். சிஃபோர் ஆய்விலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்த்தான் கேட்டார்கள். நான்கு தடவை போக முடியாதென்றால் வீட்டு எண்ணிக்கையை 30 ஆகக் குறைத்துக்கொள்ளலாம், தடவையைக் குறைக்காதீர்கள்.

இரண்டாவது, யாரைக் கேட்பது. குடும்பத் தலைவர் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்வார். விறகு சுமப்பது அவர் அல்ல. விறகு, கீரை, சீகைக்காய் பற்றிய பக்கத்தை வீட்டுப் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ‘குடும்பம்’ என்பதற்கு ரேஷன் அட்டையை நம்ப வேண்டாம். ஒரே உலையில் பொங்கித் தின்பவர்கள் ஒரு குடும்பம் என்று எடுத்துக்கொண்டு, ஆய்வு முழுக்க அதை மாற்றாதீர்கள்.

மூன்றாவது, அளவு. ‘ஒரு கட்டு’, ‘ஒரு கூடை’ என்று வரும் பதிலை அப்படியே எழுதிக்கொண்டு வந்தால் பிறகு எதுவும் செய்ய முடியாது. கொக்கித் தராசு ஒன்று கொண்டுபோங்கள். ஒவ்வொரு ஊரிலும் குறைந்தது பத்துத் தலைச்சுமையை நிறுத்துச் சராசரி பாருங்கள். பெரியவர் சுமையும் பள்ளிப் பிள்ளை சுமையும் தனித்தனி. ஈர விறகா, காய்ந்ததா என்றும் குறியுங்கள். பச்சை விறகில் எடையில் பாதி வரை தண்ணீர். படி, மரக்கால் என்று சொன்னால் அந்த வீட்டுப் படியையே வாங்கி, அந்தச் சரக்கைப் போட்டு நிறுங்கள். சாமையும் கடுக்காயும் ஒரே படியில் ஒரே எடை வராது.

நான்காவது, விற்காத பொருளுக்கு விலை போடுவது. இங்கேதான் மர வரவு முழுசாகக் காணாமல் போகிறது. கற்பனையாக ஒரு வீட்டைப் பாருங்கள். கூலி 60,000 ரூபாய், சாமையில் செலவு போக 15,000. புளி விற்றது, ஏற்றுக்கூலி போக 10,500. தேனும் கடுக்காயும் 4,000. விற்றதை மட்டும் எழுதினால் காட்டு வரவு 14,500, மொத்தம் 89,500, பங்கு 16 சதவீதம். இப்போது அடுப்பெரித்த விறகைச் சேருங்கள்: 20 கிலோ சுமை, வாரம் மூன்று, ஆண்டுக்கு 3,120 கிலோ, கிலோ 4 ரூபாய் என்றால் 12,480. கூரைக்கும் வேலிக்கும் எடுத்த கம்பு 1,500. காட்டு வரவு 28,480 ஆகிறது, மொத்தம் 1,03,480, பங்கு 27 சதவீதத்தைத் தாண்டுகிறது. வீடு அதேதான், மாறியது கேள்வித்தாள். விறகுக்கு ஒடுகத்தூர் கடை விலையைப் போடாதீர்கள். அதில் வண்டி வாடகையும் கடைக்காரர் லாபமும் சேர்ந்திருக்கும். ஊருக்குள்ளேயே கைமாறும் விலை இருந்தால் அதுவே சரி. இல்லையென்றால் கடை விலையில் ஏற்றுக்கூலியைக் கழித்துக்கொள்ளுங்கள். சொந்த உழைப்பைச் செலவாகக் கழிக்க வேண்டாம். வாடகைக்கு எடுத்த ஆள், வண்டி, சாக்கு மட்டும் செலவு.

புளியில் ஒரு பொறி உண்டு. பட்டா நிலத்து மரமா, காட்டு மரமா? பட்டா மரத்துப் புளி விவசாய வரவு. பல வீட்டில் இரண்டும் ஒரே மூட்டையில் இருக்கும். மூட்டைக்கு முன் மரத்தைக் கேளுங்கள். கோதுடன் எடை போட்டார்களா, உடைத்து எடுத்த புளியா என்பதும் முக்கியம். முழுப் பழத்தில் சதை பாதியை ஒட்டித்தான் இருக்கும், மீதி கொட்டையும் கோதும் நாரும்.

கடைசியாக, வெட்டு மரம். ‘சந்தனம் வெட்டினீர்களா?’ என்று எந்த வீட்டிலும் கேட்காதீர்கள். உண்மை வராது, வந்தால் அந்தத் தாள் அவருக்கு எதிரான சாட்சி. ‘இந்த ஊர்ப்பக்கம் எந்த மரத்துக்கு வெளியாள் வருகிறார்கள்?’ என்று ஊர்ப் பொதுக் கேள்வியாக, பெயரில்லாமல், ஒரே ஒரு தடவை கேட்டால் போதும். வீட்டுத் தாளில் பெயர் எழுதாமல் எண் போடுங்கள். பெயர்ப் பட்டியல் வேறு நோட்டில் பூட்டில் இருக்கட்டும். ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது மரியாதை. அவரையே வழிகாட்டியாக வீடு வீடாக அழைத்துப்போவது ஆய்வைக் கெடுக்கும்.

மரம் வெட்ட ஊராருக்கே அனுமதி கொடுத்தால் காடு என்ன ஆகும்? எங்காவது செய்து பார்த்திருக்கிறார்களா?
*வாசகர், வாணியம்பாடி*

செய்திருக்கிறார்கள். நன்றாகப் பேசப்படுவது குவாத்தமாலாவின் வடகோடியான பெத்தென். 1990-ல் அங்கே ‘மாயா உயிர்க்கோளக் காப்பகம்’ அறிவிக்கப்பட்டது. நடுவில் பூங்கா, அங்கே வெட்டக்கூடாது. அதை அடுத்த வளையத்தில் ஊர்ச் சங்கங்களுக்கு 25 ஆண்டு உரிமம் தந்தார்கள். நிலம் அரசுடையது, பயன் ஊருடையது. கார்மெலிதா, உவாஷாக்துன் போன்ற ஊர்கள் மகோகனி வெட்டுகின்றன. ‘ஷாத்தே’ என்ற சிறு பனையின் இலையையும் பறித்து அமெரிக்காவுக்கு அனுப்புகின்றன. ஆண்டுதோறும் ஒரே ஒரு பகுதிக்குள்தான் வெட்டு. அதிலும் ஹெக்டேருக்கு இரண்டு மூன்று மரத்துக்கு மேல் போவது அரிது. நன்றாக நடக்கும் ஊர்களில் காடு நிற்கிறது. வெட்டவே கூடாது என்று பூட்டி வைத்த மேற்குப் பூங்காவில் பெரிய பரப்பு மாட்டுப் பண்ணைக்குப் போய்விட்டது. ஊர்ச் சங்கமெல்லாம் தேறியது என்றும் நினைக்க வேண்டாம். நிலத்தைக் கைமாற்றிப் பண்ணையாக்கிய சில ஊர்களின் உரிமம் ரத்தானது.

தேறிய ஊர்கள் செய்த காரியம் என்ன? நின்ற மரத்தை விற்பதை நிறுத்தி, சொந்த அறுவை ஆலை வைத்துப் பலகையாக விற்றார்கள். பல ஊர்ச் சங்கங்கள் ஒன்றுகூடி விலை பேசின. வெட்டுக்கு முன்னால் ஒவ்வொரு பெரிய மரத்துக்கும் எண் போட்டு வரைபடத்தில் ஏற்றினார்கள். மரம் கொடுக்கும் பணத்தைவிட, அளவு நாடாவும் ஆலைச் சாவியும் யார் கையில் என்பதுதான் வீட்டு வரவைத் தீர்மானித்தது என்பது எங்கள் கருத்து.

மெக்சிகோவில் கிந்தானா ரோ மாநிலத்தில் 1983-ல் இதற்கு முன்னோடியான திட்டம் தொடங்கியது. மகோகனி 55 சென்டிமீட்டர் குறுக்களவு எட்டினால்தான் வெட்டு. காட்டை 25 பாகமாக்கி ஆண்டுக்கு ஒன்று. மரம் முற்ற 75 ஆண்டு என்று கணக்கு. அங்கே இடறியது இரண்டு இடத்தில். மரம் எதிர்பார்த்த வேகத்தில் பருக்கவில்லை. அதைவிட, மகோகனிக் கன்றுக்கு வெயில் வேண்டும். ஒன்றிரண்டு மரம் வெட்டிய சின்ன இடைவெளி சில ஆண்டில் மூடிக்கொள்கிறது, கன்று செத்துவிடுகிறது. ‘அதிகம் வெட்டாதே’ என்ற நல்லெண்ணமே அடுத்த தலைமுறை மகோகனியைத் தடுத்தது. புயலும் தீயும் பழைய மக்காச்சோளக் கொல்லைகளும் திறந்துவிட்ட இடங்களில்தான் அது கூட்டமாக முளைத்திருந்தது.

பிரேசிலின் அமேசானில் விதி இன்னும் கறார். எந்திரம் கொண்டு வெட்டினால் ஹெக்டேருக்கு 30 கன மீட்டருக்கு மேல் கூடாது. அந்த இடத்துக்குத் திரும்பி வர 35 ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். எந்திரம் இல்லாத சிறு வெட்டுக்கு 10 கன மீட்டர், 10 ஆண்டு. ஒவ்வொரு இனத்திலும் வெட்டத் தகுந்த மரத்தில் 10 சதவீதத்தை விதைக்கு நிற்க விட வேண்டும். வெட்டுவதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு முன்பே மரங்களைப் பிணைத்திருக்கும் கொடிகளை அறுத்துவிடுவது நல்ல வெட்டின் அடையாளம். அறுக்காவிட்டால் ஒரு மரம் சாயும்போது கொடி இழுத்துப் பக்கத்து மரம் நான்கையும் முறிக்கும். கீழே நிற்கும் ஆள் மேலும் கிளை விழும்.

அப்படியானால் இங்கே மலைவாசிகளுக்கு வன உரிமைப் பட்டா வந்தால், அதிலுள்ள மரத்தை வெட்டி விற்கலாமா?
*வாசகர், அணைக்கட்டு*

முடியாது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ‘சிறு வன மகசூல்’ மீதுதான் உரிமை தருகிறது: மூங்கில், பிரம்பு, தேன், மெழுகு, அரக்கு, மூலிகை, கிழங்கு, சுள்ளி, மரத்தூர் போன்றவை. வெட்டு மரம் அந்தப் பட்டியலில் இல்லை. உழும் நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை வரும். அது கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கும், பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் வனப்பகுதியில் மரம் வெட்டத் தடை போட்டதும் நினைவிருக்கட்டும். வனமல்லாத பட்டாவில் நட்டு வளர்த்த மரத்தின் கதை வேறு.

ஆனால் மனுவை நிலத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் பல ஊர்கள் செய்யும் தவறு. தனிநபர் நிலத்துக்கு படிவம் ‘ஏ’. ஊர்ப் பொது உரிமைக்கு ‘பி’: விறகு, ஏர்க்கால், மேய்ச்சல் என்று வழிவழியாக எடுத்துவந்ததை இதில்தான் கோர வேண்டும். ஊர்க் காட்டையே காத்து நிர்வகிக்கும் உரிமைக்கு ‘சி’. மூன்றும் கிராம சபை வழியாகத்தான் போக வேண்டும். சபையில் பாதிப் பேராவது கூட வேண்டும், வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். ஆதாரம் ஒன்று போதாது, ஒன்றுக்கு மேல் வேண்டும். பழைய கிணறு, கல்லறை, கோயில் போன்ற அடையாளம் ஓர் ஆதாரம், ஊர்ப் பெரியவர் எழுத்து வாக்குமூலம் இன்னொன்று. மனு தள்ளப்பட்டால் 60 நாளுக்குள் மேல்முறையீடு. தள்ளியதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், வாய்ச்சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது. தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது ஆண்டுக்கணக்கில் நின்றிருந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது. ‘அப்போதே கேட்டோம், தரவில்லை’ என்று விட்டவர்கள் மறுபடி கேட்கலாம்.

பள்ளி, அங்கன்வாடி, சாலை, குடிநீர்க் குழாய் போன்ற 13 ஊர் வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக வன நிலம் விடலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. அதற்கும் கிராம சபையின் பரிந்துரை வேண்டும்.

எங்கள் பட்டா நிலத்தில் தேக்கு இருக்கிறது. வியாபாரி நூலை நாலாக மடித்து அளக்கிறார். அது சரியான அளவா?
*விவசாயி, குடியாத்தம்*

நாலில் ஒரு சுற்றளவு முறை அது, பழைய முறை. கணக்கு இப்படி: கட்டையின் நடுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் வகுக்க வேண்டும்; வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் 12 × 12 × 10 ÷ 144 = 10 கன அடி. அந்தக் கட்டையின் உண்மையான கொள்ளளவு 12.7 கன அடி. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஆரம்பத்திலேயே கழிந்துவிடுகிறது. சதுரமாக அறுக்கும்போது போகும் சக்கைக்கு அது ஈடு என்பது பழைய நியாயம். ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் நாலில் ஒன்று கணக்கும் போட்டுவிட்டு, ‘வேஸ்ட் 20 சதவீதம்’ என்று மறுபடியும் கழித்தால் அது இரண்டாம் தடவை. அங்கே நிறுத்துங்கள்.

நாடா எங்கே சுற்றப்படுகிறது என்று பாருங்கள். அடியில் 60 அங்குலம், நுனியில் 36, நடுவில் 48 உள்ள கட்டையை நுனியில் அளந்தால் 9 × 9 × 10 ÷ 144, அதாவது 5.6 கன அடிதான் வரும். பத்தில் நாலு போயிற்று. நீளமான கட்டையை ஒரே துண்டாக அளக்காமல் இரண்டாகக் குறித்து அளந்தால் உங்களுக்குச் சாதகம். பட்டையைச் சீவிவிட்டு அளப்பதும், பொந்தைக் கழிப்பதும் நியாயம்தான். 9 அடி 10 அங்குலத்தை 9 அடி என்று எழுதுவது நியாயமில்லை.

நின்ற மரமாக மொத்த விலை பேசாதீர்கள். தேக்கில் வெளிர் நிற வெளிக்கட்டை எவ்வளவு, வைரம் (உட்கட்டை) எவ்வளவு என்று வெட்டின பிறகுதான் தெரியும், அந்த ஐயத்துக்கெல்லாம் சேர்த்து வியாபாரி விலையைக் குறைத்துத்தான் சொல்வார். அறுவை மில்லில் உண்மைக் கொள்ளளவில் பாதிதான் நல்ல சட்டமும் பலகையுமாக வரும். அதனால் அறுத்த மரத்தின் கடை விலையை உங்கள் உருட்டுக் கட்டையோடு ஒப்பிட்டு ஆத்திரப்படவும் வேண்டாம். வெட்டுமுன் பட்டா, சிட்டா, அடங்கலோடு ரேஞ்சர் அலுவலகம் போய்வாருங்கள்; தேக்கை லாரியில் ஏற்றினால் கடவுச்சீட்டு வேண்டும். அதை ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று வியாபாரி சொன்னாலும் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். சந்தனம் உங்கள் நிலத்திலேயே தானாக முளைத்திருந்தாலும் வனத்துறையிடம் சொல்லாமல் கிளையைக்கூடத் தொடாதீர்கள்.

கேஸ் அடுப்பு கொடுத்த பிறகும் மலை ஊர்களில் விறகு எரிக்கிறார்களே, ஏன்?
*இல்லத்தரசி, காட்பாடி*

விறகுக்குக் கொடுப்பது நேரம். சிலிண்டருக்குக் கொடுப்பது ரொக்கம். ரொக்கம் புளி விற்கும் மாதத்தில் இருக்கும், ஆடியில் இருக்காது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தரும் சூட்டைப் பெற, மூன்று கல் அடுப்பில் காய்ந்த விறகு 200 கிலோ அளவு எரிய வேண்டும், அதாவது பத்துத் தலைச்சுமை. காற்றோட்டம் சரியாக உள்ள மேம்பட்ட அடுப்பென்றால் இதில் பாதி. ஆக சிலிண்டரைக் கொடுப்பதோடு விறகு அடுப்பையும் மாற்றினால்தான் சுமை குறையும். குறைந்தபட்சம் விறகைக் காயவைத்தாலே பாதி வேலை முடியும்: மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, கல் மேல் தரையில் படாமல், காற்று புகும்படி அடுக்கி, மேலே மட்டும் மூட வேண்டும். சுற்றிலும் தார்ப்பாய் போட்டால் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். வேலூர் வெயிலில் மூன்று நான்கு மாதம் போதும். ஐப்பசி மழைக்கு முன் உள்ளே எடுத்துவிடுங்கள். முனையில் வெடிப்பு விட்டு, இரண்டைத் தட்டினால் கணீரென்றால் காய்ந்தது.

‘ஆந்திராவில் மரம் வெட்டும் வேலை, நல்ல கூலி, முன்பணம் இப்போதே’ என்று ஒருவர் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். சட்டப்படியான வேலையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
*ஊரும் பேரும் வேண்டாம் என்று எழுதியவர்*

செம்மரம் உலகில் இயற்கையாக வளர்வது ஆந்திராவின் தென்பகுதி மலைகளையும் அவற்றையொட்டிய இடங்களையும் தவிர வேறெங்கும் இல்லை. அதைக் காட்டில் வெட்டும் கூலி வேலை சட்டப்படி வெளி ஆளுக்குக் கிடைக்காது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் செத்தார்கள். ஜவ்வாது மலை ஆட்களும் அதில் உண்டு. ஒருவரும் கட்டைக்குச் சொந்தக்காரர் அல்ல.

வந்தவரிடம் கேளுங்கள்: எந்த ஊர், எந்தத் தோப்பு, நில உரிமையாளர் யார்? பதில் ‘போனால் தெரியும்’ என்றால் விட்டுவிடுங்கள். ராத்திரி வண்டி, செல்போனை அணைக்கச் சொல்வது, ஒரு நாள் கூலி ஊர் வழக்கத்தைவிடப் பல மடங்கு, வீட்டில் முன்பணம் வைத்துவிட்டு ஆளை மட்டும் அழைப்பது, இதில் ஒன்று இருந்தாலும் போதும். உண்மையான தைலமரம், சவுக்கு வெட்டு என்றால் மேஸ்திரி உரிமத்தைக் காட்டுவார், பகலில் கூட்டிப்போவார், டன்னுக்கு இவ்வளவு என்று எழுதித் தருவார். ஆதார் அட்டையின் அசலைக் கொடுக்காதீர்கள்.

முன்பணத்தை ஏற்கனவே வாங்கிவிட்டிருந்தாலும் போகாதீர்கள். சட்டவிரோத வேலைக்குக் கொடுத்த பணத்தைக் கேட்டு அவர் நீதிமன்றம் போக முடியாது. மிரட்டினால் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணில் சொல்லுங்கள். பிடிபட்டால் ஜாமீன், வக்கீல், வேற்று மாநிலத்துக்கு அலைச்சல் என்று வீட்டார் செலவழிக்கும் பணம் அந்த முன்பணத்தைச் சாதாரணமாக விழுங்கிவிடும். ஊரில் ஏற்கனவே யாராவது சிறையில் இருந்தால், அந்த மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழக்கு எண்ணோடு மனு போட்டு வழக்கறிஞர் கேட்கலாம், கட்டணம் கிடையாது.

ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளுக்கு முன்பெல்லாம் மலையிலிருந்து பட்டையும் கடுக்காயும் வந்ததே, இப்போது விற்க முடியுமா?
*வாசகர், ஆலங்காயம்*

ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை காலம் போய்விட்டது. முதலில் வாட்டில் என்ற மரத்தின் பட்டை இடம் பிடித்தது, பிறகு குரோம் ரசாயனம் வந்தது. பட்டைக்காக உரித்த செடி செத்துப்போகும் என்பதால் அதற்காக வருந்தவும் வேண்டாம். கடுக்காய்க்கு இன்னும் கிராக்கி இருக்கிறது. தாவர முறையில் பதனிடுவோரும் மருந்துக் கடைகளும் வாங்குகிறார்கள். துவர்ப்புச் சத்தெல்லாம் சதையில்தான், கொட்டையில் மிகக் குறைவு. ஆகவே உடைத்துக் கொட்டை நீக்கிய கடுக்காய்க்குத் தனி விலை கேளுங்கள். கிளையை முறிக்காமல் உலுக்கி எடுத்து, அன்றைக்கே ஒற்றை வரிசையாகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் உள்சூடு ஏறிக் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும், அந்த மூட்டையை வியாபாரி பாதி விலைக்குக் கேட்பார். குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும் வரை காயட்டும். பனி விழும் இரவுகளில் மூடி வையுங்கள். வன உரிமை பெற்ற கிராம சபை என்றால், சிறு வன மகசூல் கொண்டுபோகும் சீட்டை 2012 விதிப்படி சபையின் குழுவே எழுதித் தரலாம். லேம்ப் சொசைட்டி (மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கம்) விலையையும் தனியார் விலையையும் ஒரே நாளில் கேட்டுப் பார்த்துவிட்டு மூட்டையை இறக்குங்கள்.